கடைசி வாக்கியம் சரியாகக் கேட்கவில்லை

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். பயணத்தில் காது அடைத்தது ஒன்றுதான் தொல்லை. நீ, அண்ணி, அப்பா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் கண் அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்களா?

வாசலிலேயே எல்லாருடைய கைபேசியையும் ஒரு பையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அணு ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முடியும்வரை கடிதம்தான். அதையும் ஒட்டாமல் கொடுக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி படித்துவிட்டு அனுப்புவார். ஆகவே இந்தக் கடிதத்துக்கு வாசகர்கள் இரண்டு பேர். முதலாமவருக்கு என் வணக்கம்.

மேசை நீளமானது. எங்கள் தலைவருக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி என் நாற்காலி. எதிர்த்தரப்பு பேசுவதை நம் மொழியில் சொல்வது என் வேலை. நம்மவர் பேசுவதை அவர்கள் மொழியில் சொல்ல இன்னொருவர் இருக்கிறார். அவரை எல்லாரும் மீசைக்காரர் என்கிறோம். எதிர்த்தரப்பிலும் நம் மொழி தெரிந்த ஓர் அம்மாள் உட்கார்ந்து, நாங்கள் சொல்வது சரிதானா என்று கவனிக்கிறார். யாரும் யாரையும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

உன் பத்திரிகை இங்கே இரண்டு நாள் தாமதமாக வருகிறது. தலையங்கத்தைக் காலையில் காபியோடு எல்லாரும் படிக்கிறார்கள். அதில் பெயர் இல்லாதது எனக்கு வசதியாகப் போயிற்று. எழுதுவது என் அண்ணன் என்று மூச்சுவிடவில்லை.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


மார்ச் 16

என் அருமை வாயாடிக்கு,

உன் கடிதம் கண்டேன். காது சரியாயிற்றா? இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு வலது கண்ணில் அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் முதலில் என்னைப் பார்த்து, "உனக்கு எப்படா இவ்வளவு நரைச்சுது?" என்று கேட்டார். அண்ணி சிரித்த சிரிப்பில் டாக்டர் எட்டிப் பார்த்தார்.

நீ மூச்சுவிடாதது நல்லதுதான். ஆனால் எழுதியதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றப் போவதில்லை. பதினோரு வருடத்துக்கு முன் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, புகழ்ந்து தலையங்கம் எழுதியவன் நான். எட்டே மாதத்தில், மலைக்கு அடியில் அவர்கள் மறைத்து வைத்திருந்த யுரேனியம் செறிவூட்டும் ஆலை வெளியே வந்தது. வாசகர்கள் என் தலையங்கத்தைக் கத்தரித்து எனக்கே அனுப்பினார்கள். ஒரு பெட்டி நிறைய. இன்னமும் அலமாரிமேல் இருக்கிறது.

பேசப் பேச அவர்களுக்கு நாள் கிடைக்கிறது. நாள் கிடைத்தால் குண்டு கிடைக்கிறது. மிரட்டினால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிட வேண்டும் என்றுதான் வாரா வாரம் எழுதுகிறேன். உன் தலைவர் படிக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. தொண்டையைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவுக்குப் பார்வை வந்ததைப் படித்து மனம் குளிர்ந்தது. உன் நரையை நான் போன வருடமே கவனித்தேன்; மரியாதைக்காகச் சொல்லவில்லை.

இங்கே மூன்று நாளாக ஒரே ஒரு வார்த்தைக்குச் சண்டை. ஆய்வாளர்கள் ஆலைக்குள் போவதை "அனுமதிக்கலாம்" என்று போடச் சொல்கிறார்கள் அவர்கள். "அனுமதிக்க வேண்டும்" என்கிறோம் நாங்கள். காலையிலிருந்து மாலைவரை அந்த இரண்டு வார்த்தையையும் மாற்றி மாற்றிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. எதிர்ப்பக்கத்து அம்மாள் மேசைக்குக் கீழே கை நீட்டி ஓர் இருமல் மிட்டாய் கொடுத்தார். இது ரகசியத்தில் சேருமா என்று முதல் வாசகர்தான் சொல்ல வேண்டும்.

நீ ஏமாந்தது உண்மை. நாம் எல்லாருமே ஏமாந்தோம். ஆனால் அந்த மலையடி ஆலையைக் கண்டுபிடித்தது யார்? அந்த ஒப்பந்தத்தின்படி உள்ளே போன ஆய்வாளர்கள்தானே? ஒப்பந்தம் இல்லாவிட்டால் மலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் நமக்குத் தெரிந்திருக்காது. இதை எப்போதாவது உன்னிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். நேரில் கேட்டால் நீ குரலை உயர்த்துவாய். கடிதத்தில் முடியாது பார்.

அண்ணிக்கும் அப்பாவுக்கும் அன்பு.

உன் தங்கை


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பதில் வரட்டும் என்று காத்திராமல் எழுதுகிறேன். நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

இப்போது எனக்கு மேசையில் வேலை இல்லை. கீழ்த்தளத்தில் ஆவண அறையில் பழைய வரைவுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஜன்னல் இல்லாத அறை. ஆனால் நாற்காலி மேலே இருந்ததைவிட நன்றாக இருக்கிறது. கழுத்துக்கு நிம்மதி.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை


மே 3

என் அருமை வாயாடிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. கழுத்து வலி என்று நீ சொல்லவே இல்லையே? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் அண்ணி. அப்பா இப்போது பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து அச்சக முகவரிவரை படிக்கிறார். எனக்குத்தான் தொந்தரவு, சாப்பிடும்போது எழுத்துப்பிழை காட்டுகிறார்.

ஆய்வாளர்களைப் பற்றி நீ கேட்டதற்கு நிதானமாக எழுதுகிறேன். இப்போது அதைவிடப் பெரிய விஷயம் கைக்கு வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் உனக்குத் தெரிந்திருக்கும். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 17ஆம் தேதி எதிர்த்தரப்புத் தலைவர் நம் தலைநகரத்தைத் தாக்குவோம் என்கிற பொருளில் மேசையிலேயே பேசியிருக்கிறார். நம் மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லாமல், காதில் விழவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தத் தலைவர் சுதாரித்துக்கொண்டு வேறு ஏதோ சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதையே நம்மவருக்குச் சொல்லியிருக்கிறார். பிறகு ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டதாம். எங்கள் செய்திப் பிரிவு இதை எப்படியோ பிடித்துவிட்டது.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரே மூச்சில் எழுதினேன். தலையங்கத்தின் நறுக்கு இதனுடன் இருக்கிறது. நீதான் கீழ்த்தளத்தில் இருக்கிறாயே, அன்று உன் இடத்தில் உட்கார்ந்தது உன் மீசைக்காரர்தான் என்று நினைக்கிறேன். அந்த ஆளோடு சேர்த்து உன்னையும் யாரும் பேசாதபடி ஒதுங்கி இரு.

உன் அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று சொல்லலாம். ஆனால் அது காரணம் இல்லை.

அப்பாவின் இடது கண்ணுக்கு எப்போது? சொட்டு மருந்தை அவரே போட்டுக்கொள்ள விடாதீர்கள். பாதி கன்னத்தில்தான் விழும்.

நறுக்கைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். இங்கே சாப்பாட்டு அறையில் ஒருவர் அதைச் சத்தமாக வாசித்தார். "துரோகம் எப்போதும் துப்பாக்கியோடு வருவதில்லை, சில சமயம் தண்ணீர்க் குவளையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது" என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை வாசித்தார்.

ஒரே ஒரு திருத்தம். அந்த மொழிபெயர்ப்பாளரின் மனைவி மக்களும் இதே தலைநகரத்தில்தானே வாழ்கிறார்கள் என்று கடைசிப் பத்தியில் கேட்டிருக்கிறாய். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. அங்கே ஓர் அப்பாவும் ஓர் அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜூன் 18

அன்புத் தங்கைக்கு அண்ணி எழுதுவது.

நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? அதை முதலில் சொல். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று அவர் வாசற்படியில் நின்றே படித்தார். படித்துவிட்டு உள்ளே வந்து, காலணியைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கும் ஒரு நிமிடம் ஆயிற்று. அப்பா, "என்ன எழுதியிருக்கா, வாசிங்க" என்றார். நான்தான் வாசித்தேன். அப்பா எழுந்து போய், பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து அந்தத் தலையங்கத்தைத் தேடி எடுத்துவந்து, உன் அண்ணன் மடியில் வைத்துவிட்டு, மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.  இன்றுவரை அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். உன் வேலை எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

அவர் ஆறு தடவை உனக்கு எழுத ஆரம்பித்துக் கிழித்துவிட்டார். "மன்னிச்சுக்கோன்னு எழுதுங்களேன்" என்றேன். "எதுக்குன்னு தெரியாம எப்படி எழுதறது? அவ உண்மையிலேயே மறைச்சாளா இல்லையா, அதுகூட எனக்குத் தெரியாதே" என்றார்.

ஆகவே நான் கேட்கிறேன். என்னம்மா நடந்தது? சொல்லக் கூடாது என்றால், சொல்லக் கூடாது என்றாவது எழுது. ஒன்றுமே எழுதாமல் இருந்துவிடாதே.

உன் அண்ணி


ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு, கூடவே அண்ணனுக்கும் அப்பாவுக்கும்,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். விசாரணை முடிந்துவிட்டது. இந்த வாரம் அதன் சுருக்கம் வெளியாகிறது. அன்று நடந்ததை வீட்டாருக்குச் சொல்லலாம் என்று பாதுகாப்பு அதிகாரியே சொன்னார்.

அன்று ஒன்பது மணி நேரமாக உட்கார்ந்திருந்தோம். எதிர்த்தரப்புத் தலைவருக்கு வயது எழுபதுக்கு மேல். மதியத்துக்குப் பிறகு அடிக்கடி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர்கள் விஷயத்தில் நம்மவர் ஒரு பழைய ஏமாற்றைச் சொல்லிக் காட்டினார். பெரியவருக்குச் சுருக்கென்றது. "உங்கள் தலைநகரம் எங்களுக்கு எட்டாத தூரத்தில் ஒன்றும் இல்லை" என்றார்.

தெளிவாகக் கேட்டது. இரண்டு பொருள் கிடையாது. பக்கத்தில் மீசைக்காரரின் பேனா நின்றுவிட்டது. இருமல் மிட்டாய் கொடுத்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

மிரட்டல் என்று ஒரு வார்த்தை மேசைக்கு வந்தால் உடனே எழுந்துவிட வேண்டும் என்று தலைநகரத்திலிருந்து மார்ச் கடைசியில் உத்தரவு வந்திருந்தது. பத்திரிகைகளின் நெருக்கடியால் வந்த உத்தரவு என்று இங்கே பேசிக்கொண்டார்கள். எழுந்துவிட்டால் மறுபடி உட்காருவதற்கு வருடங்கள் ஆகும். எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். நான் அவர்கள் மொழியில், "ஐயா, கடைசி வாக்கியம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்றேன்.

பொய்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். குவளையை வைத்துவிட்டு, "இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறவர்கள், அதை மறக்க வேண்டாம் என்றேன்" என்றார். அதை மொழிபெயர்த்தேன்.

கூட்டம் முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தாழ்வாரத்தில் நம் தலைவரை நிறுத்தி, எதிர்த்தரப்புத் தலைவர் முதலில் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். ஒலிப்பதிவைக் கேட்டுக் கண்டுபிடித்ததாகச் சொல்வது சரியல்ல. நானேதான் சொன்னேன். நம்மவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "நீங்க அங்கேயே சொல்லியிருந்தா நான் எழுந்து போயிருப்பேன்" என்றார். "தெரியும் சார்" என்றேன். "எழுந்து போறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது நான். நீங்க இல்ல." அது சரிதான் என்று தலையாட்டினேன். "நாளையிலேர்ந்து மேசைக்கு வர வேண்டாம். சொன்னதுக்கு நன்றி" என்றார். பிறகு அறிக்கையில் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுத்தார்.

இனி எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலும் நான் உட்காரக் கூடாது என்பது விசாரணையின் தீர்ப்பு. வேலை போகவில்லை.

அண்ணா, எனக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன் என்று தலையங்கத்தில் நீ எழுதியது சரி. அதை நான் மறுக்கவில்லை. மறைத்தேன் என்பதும் துரோகம் என்பதும்தான் சரியில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

அப்பாவுக்கு என் வணக்கம்.

தங்கை


ஜூலை 20

என் அருமைத் தங்கைக்கு,

எல்லாரும் நலம். அப்பா என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார். எப்படி என்று சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த காலையில் நேராக அலுவலகம் போய், செய்தி கொண்டுவந்த நிருபரைக் கூப்பிட்டேன். "பதிவை நீ கேட்டியா?" என்றேன். "இல்ல சார். கேட்டவரைக் கேட்டேன்" என்றான். அந்தக் கேட்டவர் யார் என்றால், பேச்சுவார்த்தை முறிய வேண்டும் என்று பார்க்கிற ஒருவர். நான் அதைக்கூடக் கேட்காமல்தான் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறேன்.

விசாரணைச் சுருக்கத்தை மற்ற பத்திரிகைகள் ஒரு மூலையில் போட்டன. எங்கள் ஆசிரியர் அதையும் வேண்டாம் என்றார். "இப்ப திருத்தம் போட்டா நம்ம தலையங்கமே பொய்னு ஆயிடும்பா." "ஆகட்டும் சார்" என்றேன். இரண்டு நாள் இழுபறி. கடைசியில் தலையங்கம் இருந்த அதே இடத்தில், என் பெயரைப் போட்டு எழுதினேன். மறைத்தார் என்றது தவறு, விசாரிக்காமல் எழுதினேன், துரோகம் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன், அந்த மொழிபெயர்ப்பாளர் என் நெருங்கிய உறவினர், எழுதும்போது அது எனக்குத் தெரியாது, தெரிந்த பிறகு இதை எழுதுகிறேன். உன் பெயரையும் போடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு அதுதான். "அவ பேரு எதுக்கு? தப்பு உன்னோடது, உன் பேரைப் போடு" என்றார்.

மூன்று மாதத்துக்கு ஒப்பந்த விஷயமாக நான் எழுதக் கூடாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். சாலைப் பள்ளம், குடிநீர் என்று எழுதுகிறேன்.

நீ அந்த வாக்கியத்தை அங்கேயே மொழிபெயர்த்திருக்க வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். இதைச் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டால் நீயே நம்ப மாட்டாய். ஆனால் உன்னை அந்தச் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்து அதைக் கேட்க வைத்தேனே, அதற்கு மன்னித்துக்கொள்.

உன் அண்ணன்


அக்டோபர் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் ஜூலைக் கடிதத்துக்கு உடனே நான்கு வரிதான் எழுதினேன். அதில் இருந்ததே போதும் என்று எடுத்துக்கொள்.

ஒப்பந்தம் கையெழுத்தானது உனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்குத்தான். "அனுமதிக்க வேண்டும்" என்றே போட்டிருக்கிறார்கள். நான் இப்போது ஆய்வாளர்களோடு அந்த ஆலை இருக்கும் ஊரில் இருக்கிறேன். ஒரு வருடம் இங்கே குளிரில் கிடக்க யாரும் வரவில்லை. எனக்கு மேசைக்குத்தானே தடை, கதவுக்கு இல்லையே என்று கையைத் தூக்கினேன்.

வேலை எளிது. ஒவ்வோர் அறைக் கதவிலும் ஆய்வாளர்கள் வைத்த முத்திரை இருக்கும். ஆலைக்காரர்கள் எண்ணைப் படிப்பார்கள், நான் நம் மொழியில் சொல்வேன், ஆய்வாளர்கள் எழுதுவார்கள். ஆலை மேலாளர் நெட்டையான மனிதர், சிடுசிடுப்பு. முதல் நாள் எங்களைப் பார்த்து, "இந்த மூஞ்சிகளை இன்னும் ஒரு வருஷம் பார்க்கணுமா" என்று தன் உதவியாளரிடம் முனகினார். நான் அதை அப்படியே நம்மவர்களுக்கு மொழிபெயர்த்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் மூத்த ஆய்வாளர், "எங்களுக்கும் அதே வருத்தம்தான்னு சொல்லும்மா" என்றார். அதையும் சொன்னேன். அதன் பிறகு மேலாளர் எங்கள் அறைக்கு ஒரு கணப்படுப்பு அனுப்பினார்.

அப்பாவின் இடது கண் எப்படி இருக்கிறது? அண்ணியின் முழங்கால்? எனக்குக் கையுறை போட்டும் விரல் விறைக்கிறது. மற்றபடி நலம்.

உன் தங்கை


நவம்பர் 23

என் அருமைத் தங்கைக்கு,

அப்பாவுக்கு இரண்டு கண்ணும் இப்போது பழுதில்லை. அண்ணி உனக்குக் கம்பளிக் கையுறை பின்னி அனுப்பியிருக்கிறாள். கட்டைவிரல் இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் கண்டுகொள்ளாதே.

பன்னிரண்டாம் தேதி உங்கள் குழுவின் முதல் அறிக்கை வெளியானது. ஒன்பதாம் எண் அறையின் முத்திரை உடைந்திருக்கிறது, காரணம் ஆராயப்படுகிறது, நான்கு நாளில் விவரம் தரப்படும் என்று அதில் இருந்தது. ஒப்பந்தத்தைப் பற்றி நான் திரும்ப எழுத வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மொத்த அலுவலகமும் என் மேசையைச் சுற்றி நின்றது. "சார், நீங்க சொன்னதுதான் நடந்திருக்கு. எழுதுங்க" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. தலைப்புகூட வந்துவிட்டது. பேனாவை எடுத்துப் பாதிப் பத்தி எழுதியும்விட்டேன்.

பிறகு அதை மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டு நாலு வரி எழுதினேன். முத்திரை உடைந்திருக்கிறது. ஏன் என்று நான்கு நாளில் தெரியும் என்கிறார்கள். அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு எழுதுகிறேன். இவ்வளவுதான் அன்றைய தலையங்கம். மிச்ச இடத்தில் என்ன போடுவது என்று பக்கம் அமைப்பவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கோழை என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். மற்ற பத்திரிகைகள் எல்லாம் போர் போர் என்று அலறிக்கொண்டிருந்தன. அந்த நான்கு நாளும் நான் பட்ட பாடு அண்ணிக்குத் தெரியும்.

பதினாறாம் தேதி விவரம் வந்தது. தண்ணீர்க் குழாய் வெடித்து, ஆலைக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். உள்ளே எதுவும் குறையவில்லை, எல்லாம் எண்ணிச் சரிபார்க்கப்பட்டது. ஆனால் உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் திறந்திருக்க வேண்டும், அது விதிமீறல். குழாயைப் பற்றியும் எழுதினேன், விதிமீறலைப் பற்றியும் கடுமையாகவே எழுதினேன். அடுத்த முறை குழாய் இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால் அதையும் எழுதுவேன்.

அக்டோபர் ஆறாம் தேதிக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஒன்பதாம் எண் அறை வாசலில் நின்று, முத்திரை உடைந்ததைப் பற்றி ஆலைக்காரர்கள் சொன்னதை மொழிபெயர்த்தது நீயாகத்தான் இருக்கும். கணப்படுப்பைப் பற்றியோ கையுறையைப் பற்றியோ நீ நாலு வரி எழுதியிருந்தால்கூட, நான் அதில் வேறு எதையாவது தேடியிருப்பேன். பதில் எழுதும்போது கட்டாயம் கேட்டிருப்பேன். எழுதாமல் இருந்தாயே, அதற்கு நன்றி.

இனி எழுதலாம். அப்பா தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்.

உன் அண்ணன்